கண்ணாடியின் சொந்த உபயோகம்

சலூன்காரர் வாங்கியது ஒரு கண்ணாடிதான். யானை வாங்கவில்லை, கப்பல் வாங்கவில்லை. கடைச் சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அடைக்கிற மாதிரி, ஓரமெல்லாம் விளக்கு வைத்த ஒரே நீளக் கண்ணாடி. பழைய கண்ணாடியில் பாதரசம் உரிந்துபோய், உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் கன்னத்தில் தேமல் படர்ந்த மாதிரி காட்டிக்கொண்டிருந்தது. முடி நன்றாகத்தான் வெட்டுகிறீர்கள், ஆனால் வெட்டிக்கொண்டு எழுந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தோன்றுகிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பிறகுதான் அவர் கையிருப்பைத் துடைத்துப் போட்டுப் புதிதாக வாங்கினார்.

விலையோடு வரியும் சேர்த்துக் கட்டினார். வியாபாரத்துக்கென்று வாங்கிய பொருளுக்குக் கட்டின வரியை அரசாங்கத்திடம் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், சட்டத்திலேயே அப்படி இருக்கிறது என்று அவருக்குச் சொன்னவர் கண்ணாடிக் கடைக்காரர். சொல்லும்போது அவர் ஒரு மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சலூன்காரர் அப்போதே கவனித்திருக்க வேண்டும். என்ன செய்வது, அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவி அந்த வரிப் பணத்துக்கு முன்னாலேயே வேலை வைத்துவிட்டாள். பெண்களுக்கு முடி வெட்ட அவள் முறையாகக் கற்றுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் சமையலறை முக்காலியில் அக்கம்பக்கத்துப் பெண்களை உட்காரவைத்து, அடுப்பில் ஒரு கண்ணும் பிடரியில் ஒரு கண்ணுமாக வெட்டிக்கொண்டிருந்தாள். இனிமேல் கடையில் பாதி தன்னுடையது என்பது அவள் முடிவு. கண்ணாடி அவ்வளவு நீளமாக வந்ததற்குக் காரணமே அவள்தான். இடது பாதி அவருக்கு, வலது பாதி அவளுக்கு. வலது பாதியின் முன்னால் போட ஒரு நாற்காலிதான் பாக்கி.

நாற்காலியும் பார்த்துவைத்திருந்தாள். அடுத்த தெருவில் பியூட்டி பார்லர் நடத்திய அம்மா, கடையை மூடிவிட்டு வெளியூரில் இருக்கும் மகனிடம் போய்ச் சேர இருந்தாள். அவளுடைய சுழல் நாற்காலி காலால் மிதித்தால் ஏறும், பின்னால் சாய்த்தால் தலை கழுவ வாகாகப் படுக்கும். திரும்பி வரவேண்டிய வரியும் அந்த நாற்காலியின் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"உனக்காக வச்சிருக்கேன். ஆனா நான் கிளம்பற வரைக்கும்தான். நாற்காலியைக் கட்டித் தூக்கிக்கிட்டு நான் ரயில் ஏற முடியாது" என்று பார்லர் அம்மா சொல்லியிருந்தாள்.

ஆகவே சலூன்காரர் நல்ல சட்டையாக ஒன்று போட்டுக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போனார்.

அந்த அலுவலகத்தில் மனுக் கொடுக்கிற இடம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. பேசுவதற்காகத் தடுப்பில் ஒரு ஓட்டை வைத்திருந்தார்கள். ஓட்டை இடுப்பு உயரத்தில் இருந்ததால் வந்தவர்கள் யாராக இருந்தாலும் குனிந்துதான் பேச வேண்டும். குனிந்து பேசிப் பேசி, வெளியே போகும்போதும் சிலர் அப்படியே போனார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவை எல்லோரும் முத்திரையம்மா என்றார்கள். முத்திரை அவர் கையில் இருந்தது. அது காகிதத்தில் விழுந்ததைத்தான் யாரும் பார்த்ததில்லை.

சலூன்காரர் பில்லை நீட்டினார். குறை சொல்ல முடியாத பில். விற்றவர் பேர், வரி எண், வாங்கியவர் பேர், பொருள், தேதி, விலை தனி, வரி தனி. முத்திரையம்மா அதை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது கண்ணாடிக்காரர் வித்ததுக்கு ஆதாரம். நீங்க வாங்கினதுக்கு எங்க?"

"அவர் வித்திருந்தா நான்தானேம்மா வாங்கியிருப்பேன்?"

"அப்படி நீங்க நினைக்கிறீங்க."

மறுநாள் வங்கிக்குப் போய்ப் பணம் போன விவரத்தை வாங்கிக்கொண்டு வந்தார். பணம் போனதற்கு இது ஆதாரம், கண்ணாடி வந்ததற்கு எங்கே என்றார் முத்திரையம்மா. கண்ணாடியை இறக்கும்போது கையெழுத்து வாங்கிய சீட்டு நல்லவேளையாக வீட்டில் இருந்தது. அதைக் கொண்டுவந்தார். அதில் இருந்தது மனைவியின் கையெழுத்து. லாரி வந்த நேரத்தில் இவர் ஒருவரின் தொண்டையில் கத்தி வைத்திருந்தார். பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு வர முடியாது என்று அவள்தான் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

"இந்தம்மா உங்க வியாபாரமா, குடும்பமா?" என்று ஓட்டைக்குள்ளிருந்து கேள்வி வந்தது.

குடும்பம் என்றால் கண்ணாடி குடும்பத்துக்கு வந்ததாகிவிடுமாம். ஆகவே கையெழுத்துப் போட்ட அந்த நேரத்தில் அந்தப் பெண்மணி மனைவி என்ற முறையில் இல்லாமல் கடை ஆள் என்ற முறையில்தான் இருந்தார் என்று அவரே எழுதித் தர வேண்டும். சலூன்காரர் தயங்கித் தயங்கி வீட்டில் விஷயத்தைச் சொன்னார். கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் உடனே பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம் உங்க பெண்டாட்டியா இல்லாம இருந்திருக்கேன். முன்னாடியே சொல்லியிருந்தா கொஞ்சம் நிதானமாக் கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றாள்.

அந்தக் கடிதம் ஏற்கப்பட்டது. இப்போது கண்ணாடி விற்கப்பட்டிருக்கிறது, பணம் போயிருக்கிறது, சரக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் இறங்கிய கண்ணாடி கடையில்தான் மாட்டப்பட்டிருக்கிறது என்று யார் கண்டது? ஒரு புகைப்படம் கொண்டுவாருங்கள், போதும் என்றார் முத்திரையம்மா. அந்தப் 'போதும்' காதில் விழுந்ததும் சலூன்காரருக்கு நாற்காலி வீட்டு வாசலுக்கே வந்து நின்ற மாதிரி இருந்தது.

கண்ணாடியைப் படம் எடுத்திருக்கிறீர்களா? எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், கண்ணாடியைப் படம் எடுக்கவே முடியாது. அது எதிரே இருப்பதையெல்லாம் காட்டும், தன்னை மட்டும் காட்டாது. முதல் படத்தில் கண்ணாடி முழுக்கச் சலூன்காரரே இருந்தார், போனைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு. மனுதாரர் தன் படத்தைத் தவறுதலாக இணைத்துள்ளார் என்று குறிப்பு வந்தது. அடுத்ததைத் தரையில் படுத்துக்கொண்டு எடுத்தார். அதில் மின்விசிறி வந்தது. மின்விசிறிக்கு வரி கேட்கவில்லையே என்றார்கள். கடைசியில் எதுவும் தெரியாமல் இருக்கட்டும் என்று கண்ணாடிமேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி எடுத்துக்கொண்டு போனார். அந்தப் படத்தை முத்திரையம்மா மிகவும் மரியாதையாகக் கையில் வாங்கி, "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

இதற்குமேல் கீழே முடிவுசெய்ய முடியாது என்று கோப்பு மேலே போனது. பெரிய ஐயா விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று கடிதம் வந்தது.

பெரிய ஐயாவின் அறையில் நாற்காலி பெரிது, மேசை அதைவிடப் பெரிது, இரண்டுக்கும் நடுவில் ஐயா இருந்தார். இடது காதுக்குமேல் நீளமாக வளர்த்த முடியை வலது காதுவரை எண்ணெய் வைத்துப் படிய இழுத்து விட்டிருந்தார். பார்த்த மாத்திரத்திலேயே சலூன்காரரின் கை சீப்பைத் தேடிச் சட்டைப்பைக்குப் போய்விட்டு வந்தது. தொழில் கை அது. பக்கத்தில் ஒரு ஸ்டூலில், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒல்லியான உதவியாளர், நோட்டும் பேனாவுமாக இருந்தார். எதையும் அளந்து எழுதாமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு அளவுகோல் என்று பேர்.

"பயப்படாம உக்காருங்க. இந்த ஆபீஸ்ல நாங்க யாரையும் சந்தேகப்படறது கிடையாது. நம்பறதும் கிடையாது" என்று ஐயா அன்போடு தொடங்கினார். "நான் இந்தச் சீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒருத்தருக்கும் தப்பாப் பணம் திரும்பப் போனதில்ல. சரியாவும் போனதில்ல. அதனாலதான் என் சர்வீஸ்ல ஒரு கறை கிடையாது."

அளவுகோல் தலையை ஆட்டினார். இந்தப் பேச்சை அவர் பல தடவை கேட்டிருக்க வேண்டும். ஆட்டலில் ஒரு தாளம் இருந்தது.

பிறகு ஐயா கோப்பைத் திறந்து முதல் புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது யாரு?"

"நான்தாங்க."

"எங்க இருக்கீங்க?"

"கடையிலங்க. கண்ணாடிக்கு முன்னாடி."

"கண்ணாடிக்கு உள்ள இருக்கறது?"

சலூன்காரர் குனிந்து நன்றாகப் பார்த்தார். "அதுவும் நான்தாங்க."

"எழுதிக்குங்க" என்றார் ஐயா. அளவுகோல் எழுதினார்.

வியாபாரத்துக்கென்று வாங்கிய பொருளைச் சொந்த உபயோகத்துக்கும் வைத்துக்கொண்டால், சொந்த உபயோகத்தின் பங்குக்கு வரி திரும்பக் கிடையாது. இதுவும் சட்டத்தில் இருக்கிறது. படத்தில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. கடைக்காரர் மட்டும் இருக்கிறார், தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இது வியாபாரமா என்று ஐயா கேட்டார்.

சலூன்காரர் தன் தொழிலை விளக்கப் பார்த்தார். முடி வெட்டுகிறவன் பின்னால் நிற்கிறான், வெட்டிக்கொள்கிறவர் முன்னால் இருக்கிறார், பேசுவதெல்லாம் கண்ணாடி வழியாகத்தான். இரண்டு பக்கத்துக் கிருதாவும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று நேரே பார்த்தால் தெரியாது, கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும். அப்போது பின்னால் தன் முகமும் நிற்கத்தான் செய்யும், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டார்.

"அந்த முகம் வியாபாரத்துக்குத் தேவையா?"

சலூன்காரர் நேர்மையானவர். யோசித்துப் பார்த்தார். தன் முகத்தைப் பார்ப்பதற்கென்று கடைக்கு வந்த ஒருவர் பேரும் நினைவுக்கு வரவில்லை.

"தேவைன்னு சொல்ல முடியாதுங்க."

அதையும் எழுதிக்கொண்டார்கள். சீக்கிரமே கடைக்கு வந்து சோதனை போடுவோம் என்றும், அதுவரை கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதில்லை என்று மனுதாரர் உறுதிமொழி தர வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. அவர் கையெழுத்துப் போட்டார். நாற்காலிக்காக எதில்தான் போடமாட்டார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் பாட்டுக்கு இருந்திருக்கலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் சில பேர் இருக்கிறார்களே, சொன்ன சொல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே திரிவார்கள், இவர் அந்த ரகம்.

வாடிக்கையாளர் இல்லாதபோது கண்ணாடிமேல் துணியைப் போர்த்தினார். வந்தால் விலக்கினார். விலக்கிவிட்டுத் தொப்பியைப் புருவம்வரை இறக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வெட்டினார். பேச்சுக் கொடுத்தவர்களின் பிடரியைப் பார்த்துப் பதில் சொன்னார். பஸ் கண்டக்டர் ஒருவருக்கு ஒரு கிருதா காதுமடலுக்குக் கீழேயும் மற்றது நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்திலும் நின்றுவிட்டது. அவர் இரண்டு நாள் ஒரே பக்கமாகத் திரும்பி நின்று டிக்கெட் கொடுத்தாராம். சலூன்காரருக்குக் கண் மங்கிவிட்டது என்று தெருவில் பேச்சுக் கிளம்பியது. கண் தெரியாதவர் கையில் கத்தி இருக்கும்போது தொண்டையைக் கொண்டுபோய் நீட்ட யாருக்கு மனசு வரும்? வருகிறவர்கள் குறைந்தார்கள்.

அவருடைய சொந்தச் சவரத்துக்கும் வழியில்லை. கடைக் கண்ணாடியில் செய்யக்கூடாது. வீட்டில் இருந்ததோ மனைவி பொட்டு வைக்கிற கண்ணாடி, அதில் ஒரு தடவைக்கு ஒரு கன்னம்தான் தெரியும். கடைசியில் எதிர்த்தெருப் போட்டிக் கடைக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டார். செய்துகொண்டதோடு நிற்காமல் பில்லும் கேட்டார், சொந்தச் சவரம் வெளியே நடக்கிறது என்பதற்கு ஆதாரமாகுமே என்று. போட்டிக் கடைக்காரன் பில்லைச் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தான். அதை இன்னொரு நகல் எடுத்துத் தன் கடை வாசலில் ஒட்டியும் வைத்தான்.

ஒரு மாலை, மனைவி கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். துணி விலகியிருந்த ஓரத்தில், காதோரம் பறந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். சலூன்காரர் பதறிப்போய்த் துணியை இழுத்து மூடினார்.

"என்னங்க இது?"

"சொந்த உபயோகம்."

"நானா?"

"கண்ணாடி. நீ பாத்தா வீட்டு ஆள் பாத்த மாதிரி ஆயிடும்."

அவள் சாப்பாட்டுத் தூக்கை மேசைமேல் வைத்தாள். சத்தம் வராமல் வைத்ததிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இங்க பாருங்க. பார்லர் அம்மா மூட்டை கட்டிட்டாங்க. நாற்காலியை இன்னொருத்தர் வந்து மிதிச்சுப் பாத்துட்டுப் போயிருக்காரு. நான் அந்தச் சமையல்கட்டு முக்காலியிலேயே கிழவி ஆகணும்னா, அதையும் ஒரு கடிதமா எழுதித் தந்திடறேன். எந்த முறையில எழுதணும்னு மட்டும் கேட்டுட்டு வாங்க" என்றாள்.



மறுநாள்தான் சோதனை. பெரிய ஐயாவும் அளவுகோலும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். கடையில் ஈ, காக்கை இல்லை. இதனால் ஒரு சிக்கல் வந்தது. மனுதாரரின் முகம் கண்ணாடியில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று அளக்க வேண்டும். அளக்க வேண்டுமானால் அவர் தொழில் செய்கிற நிலையில் நிற்க வேண்டும். தொழில் செய்ய ஒரு தலை வேண்டும். அளவுகோல் டேப்பைப் பிடித்திருந்தார். ஜீப் ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கக்கூடாது. கதவோரம் நின்ற மனைவி குடும்பமா வியாபாரமா என்பது கோப்பில் இன்னும் தீராமல் இருந்தது. மிச்சம் இருந்த தலை ஒன்றுதான்.

"அரசாங்க வேலைன்னா எல்லாத்துக்கும் தயாரா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஐயா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

உட்கார்ந்த தலையைக் கண்டதும் சலூன்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. கண்ணாடியின் துணியை விலக்கினார், இன்னொரு துணியை உதறி ஐயாவுக்குப் போர்த்தினார், கழுத்தில் முடிச்சுப் போட்டார், காலால் மிதித்து நாற்காலியை ஏற்றினார். தொப்பியைக் கழற்றிவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். கொஞ்சம் இளைத்துத்தான் போயிருந்தார். அளவுகோல் சவர சோப்பு நுரையை விரலில் தொட்டு அந்த முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, குறுக்கே ஒரு தடவையும் நெடுக்கே ஒரு தடவையும் அளந்துகொண்டார்.

"சும்மா நிக்காதீங்க. வேலை செய்யற மாதிரி செய்யுங்க" என்றார் ஐயா.

சலூன்காரர் சீப்பை வைத்தார். இடது காதிலிருந்து வலது காதுக்குப் போய்க்கொண்டிருந்த முடி, பாய் சுருட்டின மாதிரி எழுந்து வந்தது. அடுத்து அவர் செய்தது முழுக்க முழுக்கப் பழக்கதோஷம். கைக்கண்ணாடியை எடுத்து, பின்பக்கம் தெரிகிற மாதிரி தலைக்குப் பின்னால் பிடித்தார்.

ஐயா பார்த்தார். வழவழவென்று, விளக்கு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு, தட்டு அகலத்துக்கு ஏதோ ஒன்று தெரிந்தது.

"அது யாரு?" என்றார்.

"ஐயாதாங்க."

"எங்க?"

"பின்னாடிங்க."

கைக்கண்ணாடியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னார். பிறகு அந்தப் பக்கம். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அது கூடவே வந்தது. எழுதிக்கொள்ளட்டுமா என்று அளவுகோல் கேட்டார். வேண்டாம் என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, ஐயா குரலைத் தாழ்த்தினார்.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியுமா?"

"பாத்தவங்க இருக்காங்க ஐயா" என்றார் அளவுகோல். "ஆனா கையில ஆதாரம் இல்லாம எதையும் மேலே கொண்டுவரக்கூடாதுன்னு ஐயாதான் சுற்றறிக்கை விட்டிருக்கீங்க."

ஐயாவின் முகத்தைப் பார்க்கச் சலூன்காரருக்குப் பாவமாக இருந்தது. இத்தனை நாள் அலைய விட்ட மனிதர் என்பதெல்லாம் மறந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் யாராக இருந்தாலும் ஒரு தலைதான். நீளமாக இழுத்து மூடினால்தான் வழுக்கை பெரிதாகத் தெரியும், சுற்றி ஒட்ட வெட்டிவிட்டால் முகம் எடுப்பாகிவிடும் என்று காதோரம் மெதுவாகச் சொன்னார். ஐயா கண்ணை மூடிக்கொண்டு தலையை அசைத்தார். கத்தரிக்கோல் பேச ஆரம்பித்தது. பக்கவாட்டில் நகராமல், தொப்பி இல்லாமல், கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, இரண்டு கிருதாவையும் ஒரே மட்டத்தில் நிறுத்தி வெட்டினார். நீள முடியெல்லாம் தரைக்குப் போனது. கூடவே ஐயாவின் வயதிலும் கொஞ்சம் போயிற்று.

ஐயா கண்ணைத் திறந்தார். இடது பக்கம் திரும்பிப் பார்த்தார், வலது பக்கம் திரும்பிப் பார்த்தார், மோவாயைத் தூக்கிப் பார்த்தார். புன்னகை செய்து பார்த்தார், பல்லைக் காட்டியும் காட்டாமலும். வெளியே ஜீப் ஓட்டுநர் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டார். ஐயா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு விளக்கம் வேணும்" என்று அளவுகோல் இருமினார். "கண்ணாடியில தெரியறது ஐயா. பாக்கறதும் ஐயா. இதை எந்தப் பத்தியில போடறது? முடி வெட்டினதுக்கு பில் போட்டா வியாபாரம். பில் இல்லன்னா மனுதாரர் இலவசமாச் செஞ்ச சேவை. மனு நிலுவையில இருக்கறப்ப அதிகாரிக்கு இலவச சேவைன்னா, அதுக்கு வேற கோப்பு திறக்கணும். அது நம்ம ஆபீஸ்ல முடியாது. மேலே போகும்."

அளவுகோல் கெட்டவர் அல்ல. யாரையும் மாட்டிவிடவேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை. ஐயா பல வருஷமாகக் கற்றுக்கொடுத்ததை ஒப்பித்தார், அவ்வளவுதான்.

ஐயா துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "பில் போடுங்க" என்றார்.

இதுவரை கதவோரமாக நின்றிருந்த மனைவி பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். குனிந்த தலை நிமிராமல், பணிவாகக் கேட்டாள்.

"யார் பேருக்குப் போடணும் ஐயா? ஆபீஸ் பேருக்கா, உங்க பேருக்கா?"

"என் பேருக்கு."

"அப்ப சொந்த உபயோகம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். "இன்னிக்கு வேலை நாள்தானே? நேரமும் போட்டுடறேன். பின்னாடி யாராவது கேட்டா ஆதாரம் வேணுமில்ல. அசல் உங்களுக்கு. நகல் எங்களுக்கு. எங்க நகலை மனுவோட இணைச்சுடலாம் இல்லீங்களா? இந்தக் கண்ணாடி வியாபாரத்துக்குத்தான் பயன்படுதுன்னு சொல்ல இதைவிட நல்ல ஆதாரம் எங்களுக்கு எங்க கிடைக்கப் போகுது?"

அலுவலக நேரத்தில், சோதனைக்குப் போன இடத்தில், பெரிய ஐயா முடி வெட்டிக்கொண்டார் என்று அவர் பேர் போட்ட பில், அவர் கோப்பிலேயே ஏறி, மேலிடத்துத் தணிக்கைக்குப் போகும் காட்சி ஐயாவின் கண்முன் வந்துபோனது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கும் அது வந்துபோனது தெரிந்தது.

"இணைப்பெல்லாம் தேவையில்லம்மா" என்றார். "நான்தான் நேர்ல பாத்துட்டேனே."

அளவுகோலின் கையிலிருந்து டேப் நழுவி, சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. ஒருவர் நேரில் பார்த்தது ஒரு விஷயத்துக்கு ஆதாரமாக ஆகலாம் என்பதை அவர் தன் சர்வீஸில் முதன்முறையாகக் கேள்விப்படுகிறார்.

ஒப்புதல் கடிதம் அந்த வாரமே வந்தது. பணம் வரவில்லை. ஒப்புதலுக்கும் பணத்துக்கும் நடுவில் இன்னொரு அறை இருக்கிறதாம். பார்லர் அம்மாவின் ரயிலோ மறுநாள். சலூன்காரர் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். கடிதத்தைப் பிரித்துக் காட்டப்போனவரை அவள் கையமர்த்திவிட்டாள்.

"அதை எதுக்கு எங்கிட்ட காட்டறே? பணம் வந்ததும் அனுப்பிவை. வண்டி கொண்டுவந்திருக்கியா, இல்லையா?"

இவ்வளவு நாளில் அவரிடம் எதையும் நிரூபிக்கச் சொல்லாத முதல் ஆள் அவள்தான். சலூன்காரர் நாற்காலியின் ஒரு கையைத் தடவிப் பார்த்தார். பிறகு வண்டி ஒன்றைப் பிடித்துவந்து அதில் தூக்கி ஏற்றினார்.

பணமும் ஒரு நாள் வந்து, பார்லர் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு சீப்பு வாங்குகிற அளவுக்கு மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உத்தரவில் அதற்கு எதிரே, 'கழிவு: மனுதாரரின் முகம்' என்று இருந்தது. நுரை வட்டத்தை அளவுகோல் வீணாக்கவில்லை.

"என் மூஞ்சிக்கு இவ்வளவுதான் மதிப்பாமா?" என்று சலூன்காரர் வருத்தப்பட்டார்.

"பெருந்தன்மையாத்தான் போட்டிருக்காங்க" என்றாள் மனைவி.

உத்தரவின் கடைசி வரியில் ஒரு நிபந்தனை இருந்தது. சொந்த உபயோகம் கூடியிருக்கிறதா என்று அவ்வப்போது வந்து பார்ப்பார்களாம். சொன்னபடி ஒரு நாள் அளவுகோல் தனியாக வந்து, ஓரத்துப் பெஞ்சில் நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடை நிறைய ஆள். இடது பாதியில் சலூன்காரர் பஸ் கண்டக்டருக்குக் கிருதாவைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். வலது பாதியில் ஒரு டீச்சரம்மாவைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, பிடரி முடியைச் சீப்பால் தூக்கித் தூக்கி அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். வாயில் ஒரு கிளிப், காதோரம் பறக்கும் முடி.

அளவுகோல் வெகுநேரம் பார்த்தார். பிறகு சலூன்காரரிடம் கேட்டார்.

"நீங்க வேலைக்கு நடுவில கண்ணாடியில வலது பக்கம் பாக்கறீங்க. ஒரு தடவை இல்ல, அடிக்கடி. உங்க வாடிக்கையாளர் இடது பக்கம் இருக்காரு. வலது பக்கத்தில உங்களுக்கு என்ன?"

"சும்மாதாங்க" என்றார் சலூன்காரர், கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டு.

"சும்மான்னு ஒரு பத்தி இல்ல. வியாபாரமா, சொந்த உபயோகமா?"

கண்டக்டரும் டீச்சரம்மாவும் கண்ணாடிக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சலூன்காரரின் காது சிவந்துகொண்டே போனது. அவள் கிளிப்பை வாயிலிருந்து எடுத்து டீச்சரம்மாவின் முடியில் செருகிவிட்டு, வெட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"நான் சொல்றேன், எழுதிக்குங்க. நான் வெட்டறதைப் பாத்திருந்தா வியாபாரம். வெட்டறவளைப் பாத்திருந்தா சொந்த உபயோகம். எதைப் பாத்தாருன்னு நல்லா விசாரிச்சு, ஆதாரத்தோட எனக்கும் ஒரு நகல் குடுத்துட்டுப் போங்க."